உடற்பயிற்சி ஆசிரியர் தொழில்



தோட்டத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு உடல் உழைப்பு புதிதன்று. காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து மேடேறிய தாத்தாவும், நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலையை அறுத்துத் தள்ளும் தந்தையும் உள்ள வீட்டிலே, மகன் ஒருவன் "அப்பா, நான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போகப் போகிறேன்" என்றால் வீட்டார் சிரிக்கத்தான் செய்வார்கள். "இரும்பைத் தூக்கி இறக்குவதற்கு எவன்டா சம்பளம் கொடுப்பான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தாதியர் வேலை, மின்தொழில், வாகனம் பழுதுபார்த்தல் என்று நமக்குப் பழக்கமான தொழில்களைப் போல் இது கண்ணுக்குத் தெரிந்த தொழிலன்று. ஆகவே இது என்ன வேலை, எப்படிக் கற்பது, எவ்வளவு கிடைக்கும், எங்கே ஏமாறக்கூடும் என்பவற்றை இன்று சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில், இப்படி ஒரு வேலை ஏன் உண்டாயிற்று? நம் நாட்டு மக்களின் உடல்நிலையே காரணம். சுகாதார அமைச்சு நடத்தும் தேசியச் சுகாதார ஆய்வின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வயது வந்தோரில் 100 பேரில் 54 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையோ பருமனோ உடையவர்கள். ஏறத்தாழ 16 பேருக்கு நீரிழிவு. இன வாரியாகப் பார்க்கும்போது நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்பது நமக்குப் புதிய செய்தியன்று; நம் ஒவ்வொரு வீட்டிலும் மாத்திரைப் பை ஒன்று ஆணியில் தொங்குகிறது. இந்த நோய்க்கு மருந்து மட்டும் போதாது, உடல் அசைய வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும், அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று கூறியிருக்கிறது. சொல்லிவிடலாம், செய்வது எப்படி? நாற்காலியில் உட்கார்ந்தே 20 ஆண்டு வேலை பார்த்த ஒருவர் திடீரென்று திடலில் ஓடினால் முழங்கால்தான் போகும். அவரைக் கைப்பிடித்து, படிப்படியாக, ஆபத்தில்லாமல் பழக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளே உடற்பயிற்சி ஆசிரியர்.

"நாள் முழுதும் வெளிக்காட்டில் வேலை செய்கிறோம், எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று தோட்டத்தில் கேட்பார்கள். வேலை வேறு, பயிற்சி வேறு. குலை வெட்டுபவர் காலையிலிருந்து தலையை அண்ணாந்து பார்த்து, ஒரே பக்கமாகக் கம்பை இழுக்கிறார். 20 கிலோ எடையுள்ள குலையைக் குனிந்த முதுகோடு தூக்கி வண்டியில் எறிகிறார். கழுத்தும் இடுப்பும் அதே வேலையை ஆயிரம் முறை செய்து தேய்கின்றன. மற்றத் தசைகள் சும்மா கிடக்கின்றன. பயிற்சி என்பது இதற்கு நேர்மாறானது. எந்தத் தசைக்கு எவ்வளவு சுமை, எத்தனை முறை, எவ்வளவு ஓய்வு என்று அளந்து கொடுப்பது. இடுப்பை மடக்கி, முதுகை நிமிர்த்தி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்கக் கற்றுக்கொடுப்பது இந்த ஆசிரியர் சொல்லித்தரும் முதல் பாடங்களுள் ஒன்று. இதைப் பெரட்டுக் களத்தில் 10 நிமிடம் சொல்லித்தர ஓர் ஆள் இருந்திருந்தால் நம் பெரியவர்களில் எத்தனையோ பேர் இன்று தைலம் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது நம் எண்ணம்.

நல்ல உடற்கட்டு உள்ளவன் எல்லாம் ஆசிரியன் ஆகிவிட முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுமஸ்தான உடம்பு ஒரு விளம்பரப் பலகை. கடைக்குள் சரக்கும் இருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் எம். ஜெகதீசன் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். அதே போட்டியில் எம். ராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி ஜெகதீசன் நிலைநாட்டிய தேசியச் சாதனை 2017-ஆம் ஆண்டு வரை முறியடிக்கப்படாமல் இருந்தது. ஆனால் அவர் கால்களை மட்டும் நம்பி வாழவில்லை. மருத்துவம் படித்தார், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். ஓட்டம் 30 வயதோடு அடங்கிவிடும். படித்த படிப்பு அதற்குப் பிறகும் சோறு போடும்.

சரி, இந்த ஆசிரியர் என்னதான் படிக்க வேண்டும்? எலும்பு, தசை, மூட்டு இவற்றின் அமைப்பு; இதயமும் நுரையீரலும் இயங்கும் விதம்; உணவின் அடிப்படை; காயம் வராமல் காக்கும் முறை. இவற்றைப் பெயரளவில் மனப்பாடம் செய்தால் போதாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒருவர் எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்யலாம் என்பதை நாடித் துடிப்பை வைத்து அளப்பது வழக்கம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் நிமிடத்துக்கு அதிகபட்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 40 வயதுக்காரருக்கு அது 180. மிதமான பயிற்சிக்கு அதில் பாதி முதல் 70 விழுக்காடு வரை, அதாவது 90 முதல் 126 வரை துடிக்கலாம். இவ்வளவும் யாரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது. ஆனால் பயிற்சிக்கு வந்தவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவராக இருந்தால்? அம்மாத்திரைகளில் ஒருவகை இதயத் துடிப்பையே மெதுவாக்கிவிடும். அவருடைய நாடி எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. ஆசிரியர் கணக்கை மட்டும் நம்பி, "ஐயா, இன்னும் வேகமாக நடங்கள்" என்று விரட்டினால் விளைவு என்னாகும்? விவரம் தெரிந்த ஆசிரியர் இவரிடம் நாடியைப் பார்க்கமாட்டார், பேச்சைக் கவனிப்பார். நடந்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான அளவு. பேசவே மூச்சு வாங்கினால் அளவு மீறிவிட்டது.

நீரிழிவு உள்ளவர் விஷயம் இன்னும் நுட்பமானது. தசை இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. பயிற்சி நோயாளிக்கு நன்மை செய்வது இப்படித்தான். ஆனால் அவர் இன்சுலின் ஊசியோ சிலவகை மாத்திரையோ போட்டுக்கொண்டு, பசியாறாமல் வந்திருந்தால், சர்க்கரை அளவு 4-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். கை நடுங்கும், குளிர்ந்த வேர்வை கொட்டும், பேச்சு தடுமாறும். பயிற்சியில் வேர்ப்பது சகஜந்தானே என்று விட்டுவிட்டால் மயங்கி விழுவார். உடனே பயிற்சியை நிறுத்தி, விழுங்கும் நிலையில் இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும். நீரிழிவு முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். காலணி கடித்துப் புண்ணானதுகூடத் தெரியாது. ஆகவே அவர்களின் பாதத்தையும் காலணியையும் பார்ப்பதும் ஆசிரியரின் கடமை.

இதனால்தான் நல்ல பயிற்சி நிலையங்களில் முதல் நாளே ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். இதய நோய் உண்டா, நெஞ்சு வலித்ததுண்டா, தலைசுற்றல் உண்டா, என்ன மருந்து உண்கிறீர் என்று கேட்பார்கள். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்தை மாற்றச் சொல்வதும் ஆசிரியரின் வேலையன்று. இந்த எல்லைக்கோட்டைத் தாண்டாதவரே தொழிலில் நிலைப்பார்.

அடுத்து, படிப்புக்கான வழிகளைச் சொல்வோம். எஸ்.பி.எம். தேர்வில் விளையாட்டு அறிவியல் ஒரு பாடமாகவே இருக்கிறது. அறிவியலும் ஆங்கிலமும் கைகொடுக்கும். அதன்பின் மேலே போக விரும்புவோர் எஸ்.டி.பி.எம். போன்ற வழிகளில் பல்கலைக்கழகம் செல்லலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலும் பயிற்றுவிப்பும் பட்டப் படிப்பாக உள்ளன. அறிவியல் மலேசியப் பல்கலைக்கழகத்தின் குபாங் கிரியான் வளாகத்தில் உடற்பயிற்சி அறிவியல் கற்பிக்கப்படுகிறது. பட்டதாரியாக வெளிவந்தால் மருத்துவமனை, பள்ளி, தேசிய விளையாட்டுக் கழகம் என்று கதவுகள் அதிகம் திறக்கும்.

புத்தகப் படிப்பில் நாட்டம் குறைந்த பிள்ளைக்குத் திறன் சான்றிதழ் வழி உண்டு. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி ஐந்து நிலைகளில் சான்றிதழ் வழங்குகிறது. முதல் மூன்று நிலைகள் மலேசியத் திறன் சான்றிதழ், நான்காவது திறன் டிப்ளோமா, ஐந்தாவது உயர் திறன் டிப்ளோமா. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் சேர்ந்தால் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்திடம் கடன் கேட்டு விண்ணப்பிக்கவும் வழியுண்டு. பணம் கட்டும் முன் ஒன்றைச் செய்யுங்கள்: அந்த மையத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அங்கீகாரம் உண்டா என்று துறையிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வண்ணத் துண்டறிக்கையில் அச்சிட்ட முத்திரையை நம்பாதீர்கள். இரண்டு நாள் வகுப்பு நடத்தி, சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவோரும் இருக்கிறார்கள்.

பெரிய நகரங்களின் பயிற்சி நிலையங்கள் சில அமெரிக்க அமைப்புகளின் சான்றிதழ்களையும் மதிக்கின்றன. 1954-இல் தொடங்கிய அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும், 1985-இல் தொடங்கிய அமெரிக்க உடற்பயிற்சி மன்றமும் அவற்றுள் சில. தேர்வெழுத 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், சி.பி.ஆர். எனப்படும் இதய மீட்பு முதலுதவிச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். அந்த முதலுதவியை எந்த வழியில் போகிறவரும் கற்றாக வேண்டும். நின்றுபோன இதயத்துக்கு மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். படித்தால் வராது, பொம்மையின் மேல் வியர்க்க வியர்க்கப் பழகினால்தான் கைக்கு வரும்.

இனி வருமானத்துக்கு வருவோம். பெற்றோர் கவனித்துக் கேட்க வேண்டிய இடம் இது.

பல பயிற்சி நிலையங்களில் அடிப்படைச் சம்பளம் சிறியது; மீதி தரகுப் பணம். தனிப்பயிற்சிக்கு ஆள் பிடித்தால்தான் பணம். கணக்குக்காக, ஒரு மணி நேரத்துக்கு 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நிலையம் பாதியை எடுத்துக்கொண்டால் ஆசிரியருக்கு 50 வெள்ளி. வாரத்துக்கு 15 மணி நேரம் சொல்லித்தந்தால் 750, மாதத்துக்கு 3,000 வெள்ளி. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் பெருநாள் மாதத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். மழை, காய்ச்சல், பிள்ளையின் தேர்வு என்று பலர் வகுப்பைத் தள்ளிப்போடுவார்கள். அந்த மாதம் 1,500 வெள்ளிகூடத் தேறாமல் போகலாம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை நேரமும் விநோதமானது. வாடிக்கையாளர்கள் தங்கள் வேலைக்கு முன்னும் பின்னும்தான் வருவார்கள். விடியற்காலை ஆறு முதல் ஒன்பது வரை ஓட்டம். நடுப்பகல் முழுதும் ஈயோட்டம். மாலை ஆறு முதல் இரவு பத்து வரை மறுபடி ஓட்டம். ஒரு விதத்தில் நம் பிள்ளைகளுக்கு இது எளிது. நாலரை மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனவர்களின் வாரிசுகள் அல்லவா?

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். "நீ எங்கள் ஊழியன் அல்லன், சுயமாகத் தொழில் செய்பவன்" என்று எழுதியிருந்தால் அதன் பொருள் என்ன தெரியுமா? முதலாளி ஊழியர் சேமநிதிக்குப் பணம் கட்டமாட்டார். ஊழியராக இருந்தால் மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுவோருக்கு முதலாளி 13 விழுக்காடும் ஊழியர் 11 விழுக்காடும் கட்ட வேண்டும். 2,000 வெள்ளிச் சம்பளத்தில் முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 260 வெள்ளி. ஆண்டுக்கு 3,120 வெள்ளி. ஒரு கையெழுத்தில் அது போய்விடுகிறது. சொக்சோவும் இல்லை, பளு காலில் விழுந்து எலும்பு முறிந்தால் செலவு நம்முடையது.

ஆனால் காகிதத்தில் எழுதிவிட்டதாலேயே அது முடிந்த காரியம் ஆகிவிடாது. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் அடுத்தவர் கட்டுப்படுத்துகிறார், கருவிகளையும் அவரே தருகிறார் என்றால், அப்படி வேலை செய்பவரை ஊழியர் என்றே சட்டம் அனுமானிக்கிறது. தகராறு வந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். உண்மையிலேயே சுயதொழில் செய்பவராக இருந்தால், சேமநிதியில் தாமே விரும்பிப் பணம் போடலாம். சொக்சோவிலும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழில் செய்வோருக்கான திட்டம் இருக்கிறது. நல்ல மாதத்தில் வந்த பணத்தில் ஒரு பங்கை அந்த மாதமே ஒதுக்காதவருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது என்று துணிந்தே சொல்வோம்.

இளைஞர்கள் வழுக்கி விழும் இன்னோர் இடமும் உண்டு. சீக்கிரம் உடம்பைக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் ஸ்டீராய்டு ஊசிக்குப் போகிறார்கள். தசை பெருக்கத்தான் செய்யும். கூடவே இதயம் தடிக்கும், கல்லீரல் கெடும், விதை சுருங்கிப் பிள்ளைப் பேற்றுக்கே பங்கம் வரும். இதை வெட்கப்படாமல் வீட்டில் பேச வேண்டும். புரதப் பொடி நஞ்சன்று. ஆனால் கட்டாயத் தேவையுமன்று. கடும் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடைக்கு ஏறக்குறைய 96 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. மீன், நெத்திலி, கோழி, பருப்பு, தௌகுவா என்று நம் சமையலறையிலேயே மீதியைச் சேர்த்துவிடலாம். வாரக் கூலியைப் பொடி டப்பாவில் கரைப்பானேன்?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். "பெண்ணுக்கு இது ஏற்குமா?" என்று தாய்மார்கள் தயங்குவது நமக்குத் தெரியும். ஆனால் பெண்களில் பலர் ஆண் ஆசிரியரிடம் பயிற்சி பெறக் கூசுகிறார்கள். பெண் ஆசிரியரைத் தேடுகிறார்கள். பெண்களுக்கு மட்டுமான நிலையங்களும் நாட்டில் உண்டு. பிரசவத்துக்குப் பின் உடலைத் தேற்றிக்கொள்ள விரும்பும் தாய், முழங்கால் வலியால் அவதிப்படும் பாட்டி ஆகியோர் பெண் ஆசிரியரிடந்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து மகள் எப்படி வீடு திரும்புவாள் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை வைத்துக்கொண்டே அனுப்புங்கள். தங்குமிடமும் போக்குவரத்தும் தெளிவாகாமல் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

நம் பிள்ளைகளிடம் இருக்கும் ஒரு சொத்தை அவர்களே மதிப்பதில்லை. தமிழ் பேசுவார்கள், மலாய் சரளமாக வரும், பக்கத்துக் கடைத் தெருவில் பழகிய சீனமும் ஓரளவு காதில் விழுந்திருக்கும். மலாய்க்கார அம்மையாரைக் "காக்" என்றும், சீனப் பெரியவரை "அங்கள்" என்றும், நம்மவரை "ஐயா" என்றும் அழைத்து அவரவர் மொழியில் முழங்கால் வலியை விசாரிக்கத் தெரிந்தவரிடம் வாடிக்கையாளர் நிலைப்பார்கள். தனிப்பயிற்சித் தொழிலில் புதிய ஆளைப் பிடிப்பதைவிட வந்தவரைத் தக்கவைப்பதே பெரிது. நேரம் தவறாமை, போன வாரம் அவர் எவ்வளவு தூக்கினார் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தல், மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைத்துத் தருகிறேன் என்று பொய்வாக்குக் கொடாமை, இவையே இங்கே முதல்.

45 வயதுக்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்கலாம். இருபது வயது இளைஞனோடு போட்டி போட வேண்டியதில்லை. அந்த வயதில் முதியோருக்கும் நீரிழிவாளருக்கும் பயிற்சி தருவதில் தேர்ந்தவராகிவிடலாம். தம் வயதை ஒத்த ஆசிரியரிடமே வயதானவர்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது. 65 வயதைத் தாண்டியோர் கீழே விழாதிருக்க வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதைக் கற்றுத்தரும் ஆட்கள் நம் வட்டாரங்களில் மிகக் குறைவு. வேறு சிலர் நிலையத்தின் நிர்வாகியாகிறார்கள், சிலர் சிறு நிலையம் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்குகிறார்கள். சொந்தமாகத் தொடங்குவோர் கடை வாடகையை ஆறு மாதத்துக்காவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை இந்த மாதங்களைச் சும்மா கழிக்க வேண்டாம். முதலுதவி வகுப்பில் சேரலாம். அருகிலுள்ள பயிற்சி நிலையத்தில் துடைத்துப் பெருக்கும் வேலையானாலும் பகுதிநேரமாகச் சேர்ந்து, ஆசிரியர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படித் திருத்துகிறார்கள் என்று கவனிக்கலாம். தோட்டத் திடலிலோ தாமான் பூங்காவிலோ, மருத்துவர் நடக்கச் சொன்ன நம் அத்தை மாமாக்கள் நாலு பேரைச் சேர்த்து, காலையில் அரைமணி நேரம் நடக்க வைக்கலாம். யார் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு தூரம் நடந்தார், எதற்காக நின்றுவிட்டார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். மூன்று மாதம் கழித்து அந்த நாலு பேரில் மூன்று பேராவது இன்னும் நடந்துகொண்டிருந்தால், அந்தக் குறிப்பேட்டை நேர்முகத் தேர்வுக்குக் கையோடு எடுத்துச் செல்லலாம்.